பிரஷ் வரையவில்லை, பேனலைக் காணவில்லை: வடிவமைப்பு மென்பொருளை வழிக்குக் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

பிரஷை எடுத்து இழுத்தால் கோடு விழவில்லை. நேற்று வலப்பக்கம் இருந்த பேனல் இன்று இல்லை. சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் சாம்பல் நிறம் வருகிறது. புதிதாகக் கற்க வருபவர்கள் முதல் வாரத்தில் இவற்றில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டியதும் "எனக்கு இதெல்லாம் வராது" என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். கை தவறி ஒரு விசை அழுந்தியிருக்கும். மென்பொருள் அமைதியாக வேறொரு நிலைக்குள் போயிருக்கும். அந்த நிலை மாற்றத்தை அது சத்தமாகச் சொல்வதில்லை, மூலையில் ஒரு சின்ன அடையாளத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே கருவிகளைக் கற்பதற்கு முன்பே கணினியையும் மென்பொருளையும் ஒழுங்குபடுத்திவிடுவது நல்லது. ஒரு மணி நேரம் போதும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய நான்கை. ஃபோட்டோஷாப்பும் கிம்ப்பும் புகைப்படம் போன்ற பிக்ஸல் படங்களுக்கு; இல்லஸ்ட்ரேட்டரும் இங்க்ஸ்கேப்பும் கோட்டு வடிவங்களுக்கு. விசைகளை விண்டோஸ் முறையில் தருகிறேன். மேக்கில் பெரும்பாலும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். முன்னது சரியாக இல்லாமல் பின்னதைச் சோதித்தால் எது குற்றவாளி என்று தெரியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நடுவில் உருளை உள்ள மவுஸ் ஒன்று. மடிக்கணினியின் தொடுதளத்தை வைத்துக்கொண்டு வடிவமைப்பு பழகுவது, கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதைப் போன்றது. முடியும், ஆனால் எரிச்சலில் பாதி அதனாலேயே வரும்.

கெட்டுப்போனாலும் கவலையில்லாத ஒரு கோப்பு. உண்மையான வேலையின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் சோதித்தால் பல சிக்கல்கள் வெளியே வராது.

உங்கள் மென்பொருளின் பதிப்பு எண். ஹெல்ப் மெனுவில் அபவுட் என்ற இடத்தில் இருக்கும். ஒரு தாளில் எழுதி வையுங்கள். காரணம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 2018 அக்டோபரில் வந்த பதிப்புக்கு முன், கன்ட்ரோல்+இசட் ஒரே ஒரு படி மட்டுமே பின்னால் போகும். இரண்டாம் முறை அழுத்தினால் போன இடத்துக்கே திரும்பிவிடும். அதே பதிப்பிலிருந்துதான் படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது ஷிஃப்ட் இல்லாமலே விகிதம் காக்கப்படுகிறது. கிம்ப் 2.8 பதிப்பு 2012இல் சேமிப்பையும் ஏற்றுமதியையும் பிரித்தது; 2025 மார்ச்சில் வந்த 3.0, ஒட்டிய படம் எங்கே போய் உட்காரும் என்பதையே மாற்றியது. பழைய பாடத்தைப் புதிய பதிப்பில் செய்துபார்த்துவிட்டு "அவர் சொன்னது வரவில்லையே" என்று தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பதிப்பு எண் தெரிந்தால் அந்தத் தவிப்பு இல்லை.

இன்னொன்று. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் கணினியின் மொழியைப் பின்பற்றித் தமிழ் மெனுவைக் காட்டக்கூடும். தமிழ் மெனுவை நான் விரும்புகிறேன். ஆனால் பழகும் காலத்தில் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கச் சொல்வேன். பாடங்களும் உதவிக் குறிப்புகளும் ஆங்கிலப் பெயர்களைத்தான் சொல்கின்றன. பெயர் பொருந்தாவிட்டால் தேடியே நாள் போய்விடும். பிரிஃபரன்சஸ் என்ற அமைப்புச் சாளரத்தில் இன்டர்ஃபேஸ் பகுதியில் மொழியை மாற்றலாம்.

2. விசைப்பலகையிலிருந்து தொடங்குங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், இங்கேதான் பாதிச் சிக்கல் இருக்கிறது.

தமிழ் தட்டச்சு செய்பவர் கணினியில் இரண்டு விசைப்பலகை அமைப்புகள் இருக்கும்: ஒன்று ஆங்கிலம், மற்றது தமிழ். விண்டோஸில் இடது ஆல்ட்+ஷிஃப்ட் அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். வடிவமைப்பு மென்பொருளிலோ ஆல்ட்+ஷிஃப்ட் அடிக்கடி தேவைப்படும் இணை. மையத்திலிருந்து சீரான வட்டமோ சதுரமோ வரைய இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் இழுக்கிறோம். வட்டம் அழகாக வந்துவிடும், கூடவே விசைப்பலகையும் தமிழுக்கு மாறியிருக்கும். அடுத்து வி விசையையோ பி விசையையோ அழுத்தினால் கருவி மாறாது. சில மென்பொருள்கள் இதைச் சமாளித்துக்கொள்ளும், சில சமாளிக்காது. தட்டெழுத்தை இடைமறித்துத் தமிழாக்கும் தனிச் செயலி வைத்திருந்தால் இன்னும் மோசம்.

தீர்வு: விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் வரை போங்கள். மொழி மாற்றும் இணையையும் அமைப்பு மாற்றும் இணையையும் நாட் அசைண்டு என்று வைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசை+ஸ்பேஸ் எப்போதும் இருக்கிறது; அது தவறுதலாக அழுந்துவது அரிது. அதே பக்கத்தில் ஒவ்வொரு செயலிக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதையும் இயக்கினால், வேறு செயலியில் தமிழில் எழுதிவிட்டு வந்தாலும் வடிவமைப்புச் சாளரம் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

அடுத்து ஸ்டிக்கி கீஸ், அதாவது விசைகளைச் சேர்த்துப் பிடிக்காமல் ஒவ்வொன்றாக அழுத்த உதவும் வசதி. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஒரு கேள்விப் பெட்டி குதித்து வரும். வலது ஷிஃப்ட்டை எட்டு நொடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் வரும். அதற்கு ஆம் என்று சொல்லிவிட்டால் விசைகள் மெதுவாகவே பதியும். ஷிஃப்ட்டைப் பிடித்து நேர்க்கோடு இழுப்பவர்களுக்கு இரண்டும் தொல்லை. உங்களுக்கு இந்த அணுகல் வசதிகள் தேவையில்லை என்றால் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்ற இடத்தில் இவற்றின் குறுக்குவிசைகளை மட்டும் அணைத்துவிடுங்கள்.

லினக்ஸ் பயனர்கள் கவனிக்க: சில டெஸ்க்டாப்புகளில் ஆல்ட்டைப் பிடித்து இழுத்தால் சாளரமே நகரும். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் ஆல்ட்+கிளிக்குக்கு வேலை இருக்கிறது. சாளரம் நகர்த்தும் விசையை சூப்பர் விசைக்கு மாற்றிவிடுங்கள்.

கேப்ஸ் லாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் அது இயங்கும்போது பிரஷின் வட்டம் மறைந்து சிறு கூட்டல் குறி மட்டும் தெரியும். "பிரஷ் அளவு தெரியவில்லை" என்று மென்பொருளையே நீக்கி மீண்டும் நிறுவியவர் ஒருவரை எனக்குத் தெரியும். நிறுவிய பிறகும் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

3. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள்

நெருக்கமான பிக்ஸல்கள் கொண்ட திரைகளில் ஐகான்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். கண்ணை இடுக்கிக்கொண்டு வேலை செய்பவர் தவறான ஐகானைத்தான் அழுத்துவார். பிறகு வரும் குழப்பத்துக்கு வேறு காரணம் தேடுவார்.

முதலில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேல் எவ்வளவு என்று பாருங்கள். அடுத்து மென்பொருளுக்குள். ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ் பகுதியில் யூஐ ஸ்கேலிங், யூஐ ஃபான்ட் சைஸ் இரண்டும் உள்ளன. மாற்றியபின் மூடித் திறக்க வேண்டும். திறக்காமல் "மாறவில்லை" என்று மறுபடி மறுபடி மாற்றுவது வழக்கமான தவறு. கிம்ப் 3.0இல் தீம் பக்கத்தில் எழுத்தளவும் ஐகான் அளவும் தனித்தனியாக இருக்கின்றன. இங்க்ஸ்கேப்பில் இன்டர்ஃபேஸ் பகுதியிலேயே இரண்டும் கிடைக்கும்.

4. பேனல்களை அடுக்குங்கள், பிறகு பூட்டுங்கள்

வேண்டியவை நான்கு பேனல்கள்: லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத் தாள்கள்), நிறம், கருவியின் அமைப்புகள், வரலாறு. மற்றதை எல்லாம் மூடிவிடுங்கள். தேவைப்படும் நாளில் விண்டோ மெனுவிலிருந்து திறந்துகொள்ளலாம்.

அடுக்கியதும் அந்த அமைப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஃபோட்டோஷாப்பில் விண்டோ, வொர்க்ஸ்பேஸ், நியூ வொர்க்ஸ்பேஸ். அதே இடத்தில் லாக் வொர்க்ஸ்பேஸும் உண்டு. பூட்டிவிட்டால் பேனல் கையோடு பிய்ந்து வராது. கலைந்துபோனால் ரீசெட் ஒன்றே போதும், ஆனால் முதலில் சேமித்திருந்தால்தான் உங்கள் அமைப்புக்குத் திரும்பும். கிம்ப்பில் விண்டோஸ் மெனுவில் சிங்கிள் விண்டோ மோடு இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேனல்கள் தனிச் சாளரங்களாகச் சிதறிக் கிடக்கும். தெரியாமல் மூடியதை அதே மெனுவில் ரீசென்ட்லி குளோஸ்டு டாக்ஸ் மீட்டுத் தரும்.

எல்லாப் பேனல்களும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் பதற வேண்டாம். டேப் விசையை ஒரு முறை அழுத்துங்கள். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கிம்ப் மூன்றிலும் டேப் பேனல்களை மறைக்கும், மீண்டும் கொண்டுவரும். ஃபோட்டோஷாப்பில் மெனுவே மறைந்திருந்தால் எஃப் விசை: திரை முறைகள் மூன்றும் அதில் சுழலும்.

கருவியே காணவில்லை என்பது வேறு கதை. ஒரே ஐகானுக்கு அடியில் பல கருவிகள் ஒளிந்திருக்கின்றன. மூலையில் சிறு முக்கோணம் அதற்கு அடையாளம். கிம்ப்பில் இந்தக் குழுமுறை பிடிக்காவிட்டால் பிரிஃபரன்சஸ், டூல்பாக்ஸ் பக்கத்தில் யூஸ் டூல் குரூப்ஸை அணையுங்கள். புதியவர்களுக்கு அணைத்தே வைக்கச் சொல்கிறேன். இடம் அடைத்தாலும், கண்ணில் படும் கருவிதான் மனத்தில் பதியும்.

5. நகர்வதும் நெருங்குவதும்

ஒரு நாளில் ஆயிரம் முறை செய்யும் செயல் இது, அதனால் இதைக் கையில் ஏற்றாமல் வேறெதையும் பழகாதீர்கள்.

கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் கன்ட்ரோல்+உருளை நெருக்கும், விலக்கும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட்+உருளை. இரண்டு குடும்பத்திலும் மாறி மாறி வேலை செய்பவருக்கு இது பெரும் தலைவலி. ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டூல்ஸ் பகுதியில் ஜூம் வித் ஸ்க்ரோல் வீலை இயக்கினால் வெறும் உருளையே நெருக்கும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். தாளை நகர்த்த ஸ்பேஸைப் பிடித்துக்கொண்டு இழுப்பது நான்கிலும் செல்லும்.

வரைந்தது எங்கோ போய்விட்டது, திரை வெறுமையாக இருக்கிறது என்றால் முழுத் தாளையும் காட்டும் விசையை அழுத்துங்கள். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+0. கிம்ப்பில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜே. இங்க்ஸ்கேப்பில் 5 தாளையும், 4 வரைந்தவை அனைத்தையும் காட்டும். பொருள் தாளுக்கு வெளியே கிடந்தால் 5 உதவாது, 4தான் கண்டுபிடிக்கும்.

6. பின்வாங்குவதும் சேமிப்பதும்

கன்ட்ரோல்+இசட் எல்லோருக்கும் தெரியும். சிக்கல் திரும்ப முன்னே வருவதில். அலுவலக மென்பொருள்களில் கன்ட்ரோல்+ஒய் அழுத்திப் பழகிய கை இங்கேயும் அதையே அழுத்தும். கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் அது சரிதான். இல்லஸ்ட்ரேட்டரில் அதே விசை எல்லா நிறங்களையும் மறைத்து வெறும் கோடுகளைக் காட்டும். ஃபோட்டோஷாப்பில் அச்சு நிற முன்னோட்டத்தை இயக்கும். பளிச்சென்று இருந்த படம் சற்றே மங்கும், அவ்வளவுதான். மங்கியதைச் சரிசெய்ய நிறங்களைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டிலும் முன்னே வர கன்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட். கன்ட்ரோல்+ஒய்யைத் தெரியாமல் அழுத்திவிட்டால் மறுமுறை அழுத்தினால் பழைய நிலை திரும்பும்.

எத்தனை படிகள் பின்னால் போகலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ். கிம்ப்பில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில். நினைவகம் குறைவான கணினியில் இதை அளவுக்கு மீறி உயர்த்தினால் மென்பொருள் திணறும்.

சேமிப்பில் இரண்டு பழக்கங்கள். மென்பொருளின் சொந்த வடிவில் ஒரு கோப்பு, வெளியே அனுப்ப இன்னொன்று. கிம்ப்பில் கன்ட்ரோல்+எஸ் தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட். ஃபோட்டோஷாப்பிலும் 2021க்குப் பிறகு, லேயர்கள் உள்ள படத்துக்கு ஜேபெக் தேர்வு சேவ் அ காப்பி என்ற இடத்துக்குப் போய்விட்டது. இது எரிச்சலாகத் தோன்றலாம், ஆனால் லேயர்களை எல்லாம் தொலைத்துவிட்டு ஒற்றைப் படத்தோடு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்தபின் நான் இந்த ஏற்பாட்டின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஃபோட்டோஷாப்பில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் மீட்புத் தகவல் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். இயல்பாகப் பத்து நிமிடம், ஐந்தாக்குங்கள். இங்க்ஸ்கேப்பில் இன்புட்/அவுட்புட் பகுதியில் ஆட்டோசேவ். கிம்ப்பில் நேரம் வைத்துச் சேமிக்கும் வசதி இல்லை, அங்கே உங்கள் இடது கைதான் காவல்.

7. புதிய கோப்பைத் திறக்கும்போது

சுருக்கமாகச் சொல்கிறேன். அலகை முதலில் மாற்றுங்கள், எண்ணைப் பிறகு எழுதுங்கள். பிக்ஸலில் நிற்கும்போது 210, 297 என்று தட்டினால் தபால்தலை அளவுக்கு ஒரு கோப்பு கிடைக்கும். ஏ4 தாளை 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல்) அச்சிட 2480க்கு 3508 பிக்ஸல் வேண்டும். அதே தாள் 72 பிபிஐயில் 595க்கு 842தான். சிறியதில் வரைந்துவிட்டுக் கடைசியில் பெரிதாக்கினால் ஓரங்கள் மங்கும், அதை எந்தக் கருவியாலும் முழுதாக மீட்க முடியாது.

இங்க்ஸ்கேப்பில் பழைய கோப்பைத் திறந்து அளவு கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்தால் உங்கள் கண்ணில் பிழையில்லை. 2017இல் வந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்ஸல் என்ற கணக்கு 96 ஆக மாறியது.

8. "வேலை செய்யவில்லை": எந்த வரிசையில் தேடுவது

இந்தப் பகுதியைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். மலிவான சோதனையிலிருந்து தொடங்கி மேலே போகும் வரிசை இது.

முதலில், முடிக்காத செயல் ஏதேனும் நிற்கிறதா? ஃபோட்டோஷாப்பில் வெட்டலோ உருமாற்றமோ பாதியில் இருந்தால் மெனுவில் பெரும்பகுதி மங்கிவிடும். என்டர் அழுத்தினால் ஏற்கும், எஸ்கேப் அழுத்தினால் கைவிடும். எழுத்துக் கருவிக்குள் இருந்தால் குறுக்குவிசைகள் எல்லாம் எழுத்தாக விழும். கருவி மாற வி அழுத்தியவரின் தலைப்பில் ஒரு ஆங்கில எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டு அச்சுக்கே போனதுண்டு. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+என்டர் எழுத்தை முடித்துவைக்கும். மற்றவற்றில் தேர்வுக் கருவியின் ஐகானைச் சுட்டுங்கள்.

இரண்டாவது, எங்கோ ஒரு தேர்வு (செலக்‌ஷன்) இருக்கிறதா? தேர்வு இருந்தால் பிரஷ் அதற்குள் மட்டுமே வரையும். அது திரைக்கு வெளியே நாலு பிக்ஸல் அகலத்தில் இருக்கலாம். ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+எச் அழுந்தியிருந்தால் தேர்வின் புள்ளிக்கோடே மறைந்திருக்கும், தேர்வு மட்டும் உயிரோடு இருக்கும். ஆராய வேண்டாம், நேராகத் தேர்வை நீக்குங்கள்: ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+டி, கிம்ப்பில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ.

மூன்றாவது, எந்த லேயரில் நிற்கிறீர்கள்? அது மறைக்கப்பட்டதா, பூட்டப்பட்டதா? லேயரின் சிறுபடத்துக்குப் பக்கத்தில் மாஸ்க் (லேயரின் சில பகுதிகளை மறைக்கும் கறுப்பு வெள்ளைப் படம்) இருந்தால், சட்டம் எதைச் சுற்றி இருக்கிறது என்று பாருங்கள். மாஸ்க்கைச் சுற்றி இருந்தால் எந்த நிறம் எடுத்தாலும் கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான் வரும். கிம்ப்பில் கூடுதலாக ஒன்று: லேயருக்கு எல்லை உண்டு. மஞ்சள் கறுப்புப் புள்ளிக்கோட்டுக்கு வெளியே பிரஷ் பதியாது. லேயர் மெனுவில் லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தால் தாளளவுக்கு விரியும். கிம்ப் கற்பவர்கள் முதல் நாள் தடுக்கி விழும் கல் இதுதான்.

நான்காவது, பிரஷின் ஒளிபுகாத்தன்மை (ஓபாசிட்டி). ஃபோட்டோஷாப்பில் பிரஷ் கையில் இருக்கும்போது எண் விசை 1 அழுந்தினால் அது பத்து சதவீதமாகிவிடும். 0 அழுத்தினால் நூறு. நிறத்தையும் பாருங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளையால் வரைந்துகொண்டிருப்பது நமக்கு நேராது என்று நினைக்க வேண்டாம். டி விசை கறுப்பு வெள்ளைக்கு மீட்கும், எக்ஸ் இரண்டையும் இடம் மாற்றும், கிம்ப்பிலும் இவையே.

ஐந்தாவது, குயிக் மாஸ்க், அதாவது தேர்வைப் பிரஷால் வரையும் நிலை. ஃபோட்டோஷாப்பில் க்யூ, கிம்ப்பில் ஷிஃப்ட்+க்யூ. எதை வரைந்தாலும் இளஞ்சிவப்புப் பூச்சாக வந்தாலோ தாள் முழுதும் சிவந்தாலோ அதே விசையை மறுமுறை அழுத்துங்கள்.

ஆறாவது, படத்தின் நிற முறை. சிவப்பு சாம்பலாக வருவதற்குக் காரணம் படம் கிரேஸ்கேல் என்ற கறுப்பு வெள்ளை முறையில் இருப்பது. ஜிஃப் கோப்பைத் திறந்தால், குறைந்த நிறங்களே உள்ள இண்டெக்ஸ்டு முறையில் இருக்கும். ஃபோட்டோஷாப்பில் அங்கே புதிய லேயர் கூடச் சேர்க்க முடியாது. இமேஜ், மோடு, ஆர்ஜிபி என்று மாற்றியபின் தொடருங்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் தேட வேண்டியவை வேறு. பொருளை இருமுறை சுட்டினால் தனிமை நிலைக்குள் நுழைந்துவிடும். மற்றதெல்லாம் மங்கும், எதையும் தொட முடியாது. எஸ்கேப் வெளியே கொண்டுவரும். தேர்ந்தெடுத்தும் ஓரக்கோடு தெரியவில்லை என்றால் கன்ட்ரோல்+எச், சுற்றுச் சட்டம் இல்லை என்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி, பொருளே பிடிபடவில்லை என்றால் பூட்டு: கன்ட்ரோல்+ஆல்ட்+2 எல்லாவற்றையும் திறக்கும்.

இங்க்ஸ்கேப்பில் அதிகம் கேட்கப்படுவது, சுருக்கினால் கோட்டின் தடிமன் ஏன் மாறுகிறது அல்லது ஏன் மாறவில்லை என்பது. தேர்வுக் கருவியின் மேற்பட்டையில் அதற்கென்றே ஒரு பொத்தான் உள்ளது. விகிதம் காக்க இங்கே ஷிஃப்ட் உதவாது, கன்ட்ரோல் பிடிக்க வேண்டும். பொருள் நினைத்த இடத்தில் நிற்காமல் துள்ளினால் ஸ்நாப்பிங் (அருகிலுள்ள கோடு, புள்ளியோடு தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி) காரணம். % குறி அதை இயக்கும், அணைக்கும்.

9. தமிழ் எழுத்து உடைந்து வந்தால்

'கொ' என்று தட்டினால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளி வட்டம் தோன்றுகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். பத்து எழுத்துரு மாற்றியும் சரியாகாது. சிக்கல் எழுத்துகளைக் கோக்கும் இயந்திரத்தில் இருக்கிறது.

ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் தென்னாசிய எழுத்துகளுக்கான தேர்வை இயக்குங்கள். புதிய பதிப்புகளில் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்றும், பழையவற்றில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்றும் இருக்கும். முன்பே தட்டிய எழுத்து இதனால் திருந்தாது. அதைத் தேர்ந்தெடுத்துப் பாராகிராஃப் பேனலின் மெனுவில் தனியாக மாற்ற வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் பகுதியில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸை இயக்கியபின் அதே போலப் பாராகிராஃப் பேனலுக்குப் போங்கள். கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற இயந்திரத்தைப் பயன்படுத்துவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஒட்டிய தமிழ் ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் அது பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதியது. யூனிகோடுக்கு மாற்றி எடுத்து வாருங்கள். அதே எழுத்துருவை நிறுவிச் சமாளிக்கலாம்தான், ஆனால் கோப்பு வேறொரு கணினிக்குப் போனதும் மீண்டும் கிறுக்கலாகிவிடும்.

வெளியே அனுப்பும் முன் எழுத்தை வடிவமாக்குங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ, இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி. நகலில் மட்டும். மூலக் கோப்பில் செய்துவிட்டால் பிறகு ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது.

10. கட்டளையைத் தேடும் விசை

எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். கிம்ப்பில் / விசை, ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+எஃப், இங்க்ஸ்கேப் 1.1 முதல் ? விசை. பெயரில் நான்கு எழுத்து தட்டினால் கட்டளை வந்து நிற்கும்.

குறுக்குவிசைகளை மாற்றுவதில் அவசரப்படாதீர்கள். முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டவர், வேறொருவர் கணினியில் உட்கார்ந்ததும் கை கட்டப்பட்டவராகிறார். இங்க்ஸ்கேப்பில் பிரிஃபரன்சஸ், கீபோர்டு பகுதியில் இல்லஸ்ட்ரேட்டர் முறை விசைகள் ஆயத்தமாகவே உள்ளன. இரண்டையும் பயன்படுத்துபவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

11. கடைசியாகத்தான் ரீசெட்

மேலே சொன்ன எதுவும் உதவவில்லை என்றால், முதலில் அந்த ஒரு கருவியை மட்டும் மீட்டுப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் மேற்பட்டையின் இடக்கோடியில் இருக்கும் கருவி ஐகானை மவுஸின் வலது பொத்தானால் சுட்டினால் ரீசெட் டூல் வரும். கிம்ப்பில் டூல் ஆப்ஷன்ஸ் பேனலின் அடியில் மீட்புப் பொத்தான். "மென்பொருள் கெட்டுவிட்டது" என்று சொல்லப்படுபவற்றில் நிறைய இங்கேயே சரியாகிவிடும், ஏனென்றால் கெட்டது அந்தக் கருவியின் பழைய அமைப்பு மட்டுமே.

முழு ரீசெட்டுக்கு முன் பிரஷ்களையும் சேமித்த அமைப்புகளையும் நகல் எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் எடிட், பிரீசெட்ஸ் வழியே ஏற்றுமதி செய்யலாம். பிறகு ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டையும் தொடங்கும் கணத்தில் கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட் மூன்றையும் பிடித்திருங்கள். ஐகானைச் சுட்டிய உடனே பிடிக்க வேண்டும். தாமதித்தால் மென்பொருள் வழக்கம்போலத் திறந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் பிரிஃபரன்சஸ், சிஸ்டம் பகுதியில் ரீசெட் பிரிஃபரன்சஸ் இருக்கிறது. கிம்ப்பில் மென்பொருளை மூடிவிட்டு அதன் அமைப்புக் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். திறந்ததும் புதிய கோப்புறையை அதுவே உருவாக்கிக்கொள்ளும். பழையதிலிருந்து வேண்டிய பிரஷ்களை மட்டும் எடுத்து வைக்கலாம்.

நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது பெரும்பாலும் வீண் வேலை. பல மென்பொருள்கள் நீக்கும்போது பயனரின் அமைப்புக் கோப்புறையைத் தொடுவதில்லை. திரும்ப நிறுவியதும் பழைய கோளாறு அங்கிருந்தே எழுந்து வரும்.

ரீசெட் முடிந்ததும் 3 முதல் 6 வரையிலான படிகளை மறுபடி செய்யுங்கள். 2ஆம் படியில் செய்தவை கணினியின் அமைப்புகள், அவை அப்படியே இருக்கும்.